குழந்தையின் கோப்பில் எழுதப்படாதவை: துணையற்ற அகதிக் குழந்தைகளின் பராமரிப்பு வரலாறு

1938 டிசம்பர் 2ஆம் நாள், ஏறத்தாழ 200 குழந்தைகள் இங்கிலாந்தின் ஹார்விச் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கினர். பெற்றோர் எவரும் உடன் வரவில்லை. வருவதற்கு அவர்களுக்கு அனுமதியும் இல்லை. அடுத்த ஒன்பது மாதங்களில் ஜெர்மனி, ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாக்கியா, போலந்து ஆகிய நாடுகளிலிருந்து ஏறத்தாழ 10,000 குழந்தைகள், பெரும்பாலும் யூதக் குழந்தைகள், பிரிட்டனை வந்தடைந்தனர். எண் எழுதிய அட்டையே பலருக்கும் அடையாளமாக இருந்தது. வரலாற்றில் 'கிண்டர்டிரான்ஸ்போர்ட்' என்று அழைக்கப்படும் இம்முயற்சி ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது. அதில் ஐயமில்லை. காக்கப்பட்ட குழந்தையைப் பற்றி என்னவெல்லாம் அறிந்துகொள்ளப்பட்டது என்பது வேறொரு கேள்வி.

அன்றைய பதிவுகளின் நோக்கம் நிர்வாகம் சார்ந்தது. பெயர், வயது, சமயம், புகைப்படம், பொறுப்பேற்பவரின் விவரம் ஆகியவை இருந்தால் போதும். 1939இல் ஒவ்வொரு குழந்தைக்கும் 50 பவுண்டு உறுதித்தொகையும் கோரப்பட்டது. இக்குழந்தைகள் சில காலம் தங்கிப் பின்னர் வேறெங்கோ செல்வார்கள் என்ற எண்ணமே அந்நிபந்தனைக்கு அடிப்படை. வளர்ப்புப் பெற்றோர் சிலர் புகைப்படத்தைப் பார்த்துக் குழந்தையைத் தேர்ந்தெடுத்தனர். சிலர் டோவர்கோர்ட் முகாமுக்கு நேரில் வந்து தேர்ந்தெடுத்தனர். உடன்பிறந்தோர் வெவ்வேறு வீடுகளுக்குப் பிரிந்து சென்றதும் உண்டு. போர் தொடங்கியபின் பெற்றோருடனான கடிதத் தொடர்பு, செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக அனுப்பும் 25 சொற்களுக்குள் சுருங்கியது. அச்செய்திகளும் பிறகு நின்றுபோயின. குழந்தைகளின் சட்டபூர்வப் பாதுகாவலர் யார் என்பதைத் தீர்ப்பதற்கான தனிச் சட்டம் 1944இல்தான் வந்தது.

இவர்களில் பலர் சில ஆண்டுகளில் ஜெர்மன் மொழியை மறந்தனர். போருக்குப் பின் பெற்றோர் உயிருடன் திரும்பிய அரிய நேர்வுகளிலும், தாயும் மகளும் பேசிக்கொள்ளப் பொதுவான மொழி இல்லாமல் நின்றதுண்டு. குழந்தைக்கு உணவும் உறைவிடமும் பள்ளியும் கிடைத்திருந்தன. தாய்மொழியைக் காக்க வேண்டியது யாருடைய பொறுப்பு என்று மட்டும் எந்தக் கோப்பிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இதே காலத்தில் லண்டனில் வேறு வகையான பதிவுமுறை உருவாகிக்கொண்டிருந்தது. 1938இல் வியன்னாவிலிருந்து அகதியாக வந்த அன்னா ஃபிராய்டு, டோரதி பர்லிங்ஹாமுடன் இணைந்து ஹாம்ப்ஸ்டெட் போர்க்காலக் குழந்தைகள் பராமரிப்பகத்தை நடத்தினார். அங்குள்ள குழந்தைகள் பெரும்பாலும் குண்டுவீச்சால் வீடிழந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பணியாளர்கள் ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சிறு அட்டைகளில் எழுதி வைத்தனர். குழந்தை எப்போது அழுதது, யாரைத் தேடியது, எந்தப் புதிய சொல்லைப் பேசியது என்ற விவரங்கள் அவற்றில் திரண்டன. தாய்மார் எந்நேரமும் வந்து குழந்தையைப் பார்க்கலாம் என்பது அங்கிருந்த விதி. ஒவ்வொரு பணியாளரின் பொறுப்பிலும் சில குழந்தைகள் விடப்பட்டுச் சிறு 'குடும்பங்கள்' அமைக்கப்பட்டன.

இப்பதிவுகளிலிருந்து இரண்டு முடிவுகள் வெளிப்பட்டன. சிறு குழந்தையைக் குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிவதே கடுமையாகப் பாதித்தது என்பது முதலாவது. இரண்டாவது மொழி பற்றியது. பராமரிப்பகத்தில் வளரும் குழந்தைகள் பேச்சு வளர்ச்சியில் பின்தங்கினர். வீட்டுக்குச் சென்று ஓரிரு வாரம் தாயுடன் இருந்து திரும்பியவர்களோ, பராமரிப்பகத்தில் மூன்று மாதங்களில் எட்டக்கூடிய பேச்சு வளர்ச்சியை அதற்குள் எட்டியிருந்தனர். மொழி உறவின் வழியாகவே வளர்கிறது என்பதற்கு இந்த அட்டைகள் நேரடிச் சான்று.

இந்த அணுகுமுறைக்குக் கடும் சோதனை 1945இல் வந்தது. வதைமுகாம்களிலிருந்து மீண்ட 1,000 சிறுவர் சிறுமியரை ஏற்கப் பிரிட்டன் இசைந்தது. இறுதியில் கண்டறிந்து அழைத்துவர முடிந்தவர்கள் 732 பேரே. ஆகஸ்ட் மாதம் பிராகிலிருந்து விமானங்களில் வந்த முதல் 300 பேர் வின்டர்மியர் ஏரிப்பகுதியில் தங்கவைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்று முதல் நான்கு வயதுக்குட்பட்ட ஆறு குழந்தைகள் இருந்தனர். பெற்றோர் கொல்லப்பட்டுவிட்டனர். ஒரு வயது நிறைவதற்குள் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குள் வந்து, தாயற்ற குழந்தைகளுக்கான பிரிவில் வளர்ந்தவர்கள் அவர்கள். அவர்களைப் பெரிய விடுதியில் சேர்க்காமல், சசெக்ஸ் மாவட்டத்தின் வெஸ்ட் ஹோத்லி கிராமத்தில் 'புல்டாக்ஸ் பேங்க்' என்ற வீட்டில் ஓராண்டுக்கு ஒன்றாகவே வைத்திருக்க முடிவாயிற்று. ஜெர்மனியிலிருந்து அகதிகளாக வந்திருந்த சோஃபி டான், கெர்ட்ரூட் டான் ஆகிய சகோதரிகள் அவர்களைப் பராமரித்தனர்.

தொடக்க நாள்களில் குழந்தைகள் பொம்மைகள் அனைத்தையும் உடைத்தனர். மேசை நாற்காலிகளைச் சேதப்படுத்தினர். பெரியவர்களை அடித்தனர், கடித்தனர், ஜெர்மனில் வைதனர். ஒரே ஒரு நாள் வந்து பார்த்த மதிப்பீட்டாளர் 'நடத்தைக் கோளாறு' என்று எழுதிச் சென்றிருக்கலாம். நாள்தோறும் உடனிருந்தவர்கள் வேறொன்றையும் கண்டனர். ஆறுவருள் ஒருவர் சிறிது நேரம் கண்ணில் படாவிட்டாலும் மற்றவர்கள் கலங்கினர். உணவு வேளையில் தாம் உண்பதைவிடப் பக்கத்திலிருப்பவருக்கு எடுத்துக் கொடுப்பதே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. பொறாமையும் போட்டியும் அவர்களிடையே காணப்படவில்லை. பெற்றோரை அறியாத அந்த ஆறு பேரும் தமக்குள் ஒருவருக்கொருவர் குடும்பமாக இருந்தனர்.

அன்னா ஃபிராய்டும் சோஃபி டானும் 1951இல் இதனை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். குழந்தைகள் அச்சமும் அமைதியின்மையும் மிக்கவர்கள், கையாளக் கடினமானவர்கள் என்பதைக் கட்டுரை மறைக்கவில்லை. ஆயினும் அவர்கள் அறிவு வளர்ச்சி குன்றியவர்களோ மனநோயாளிகளோ அல்லர் என்று அது நிறுவியது. அதற்கு அவர்கள் காட்டிய சான்றுகளுள் ஒன்று மொழி. செக் சொற்கள் கலந்த ஜெர்மன் பேசியபடி வந்த குழந்தைகள் ஓராண்டுக்குள் ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டனர். இத்தனை கொந்தளிப்புக்கு நடுவே ஒரு புதிய மொழியைக் கற்க முடிந்ததே, உலகோடு அவர்களுக்கிருந்த தொடர்பு அடிப்படையில் சிதையவில்லை என்பதைக் காட்டுகிறது என அவர்கள் வாதிட்டனர். மொழி கற்றலை மருத்துவ மதிப்பீட்டுக்கான சான்றாகக் கொண்ட இவ்வாதம், மொழியியல் மாணவர்களிடையே பெறவேண்டிய கவனத்தை இன்னும் பெறவில்லை.

இதன் மறுபக்கத்தையும் மறக்கலாகாது. புதிய மொழி வந்தபோது பழைய மொழி விலகியது. பெற்றோரின் பெயரும் முகமும் அறியாமலே குழந்தைகள் வளர்ந்தனர். ஆலிஸ் கோல்ட்பெர்கர் நடத்திய லிங்ஃபீல்ட் இல்லத்தில் வளர்ந்த 24 பேரைப் பல்லாண்டுகளுக்குப் பின் சந்தித்து உரையாடிய சாரா மாஸ்கோவிட்ஸ், 1983இல் வெளியிட்ட நூலில் இரண்டையும் பதிவுசெய்தார்: அவர்கள் அஞ்சப்பட்டவாறு சிதைந்துபோகவில்லை; இழப்பின் வலியும் அவர்களை விட்டு நீங்கவில்லை.

இந்த வரலாறு முடிந்துபோன ஒன்றன்று. இன்று 'கேஸ் மேனேஜ்மென்ட்' எனப்படும் பணியின் கூறுகள் பலவற்றை, அதாவது தொடர் அவதானிப்பு, நிலையான பொறுப்பாளர், குடும்பத் தேடல் ஆகியவற்றை, இங்கே தொடக்க வடிவில் காண்கிறோம். அமெரிக்காவில் துணையின்றி எல்லை கடக்கும் குழந்தைகளை இயன்றவரை குடும்பத்தாரிடமே ஒப்படைக்க வேண்டும் என்பதை 1997ஆம் ஆண்டின் ஃப்ளோரஸ் உடன்பாடு வலியுறுத்தியது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் இக்குழந்தைகளைக் குடியேற்றக் காவல் அமைப்பிடமிருந்து அகதிகள் மீள்குடியேற்ற அலுவலகத்தின் பொறுப்புக்கு மாற்றியது. 2008ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட நேர்வுகளில் வீட்டு ஆய்வையும் பின்தொடர் சேவையையும் கட்டாயமாக்கியது. அங்குள்ள காப்பகங்களில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பொறுப்பு அலுவலரும் ஓர் உளநல ஆலோசகரும் உண்டு.

ஆயினும் பழைய இடைவெளி ஒன்று தொடர்கிறது. குவாத்தமாலாவிலிருந்து வரும் குழந்தைகளில் பலருக்குத் தாய்மொழி மாம், கிச்சே, கெக்சி போன்ற மாயா மொழிகளுள் ஒன்று. அவர்களிடம் ஸ்பானிய மொழியில் கேள்வி கேட்கப்படுகிறது. புரியாமல் தலையசைக்கும் குழந்தையின் விடை 'ஆம்' என்று பதிவாகிறது. அதன் மௌனம் மன அதிர்ச்சியின் அறிகுறியாகக் கொள்ளப்படக்கூடும். அந்தப் பதிவை நம்பியே குழந்தையை யாரிடம் ஒப்படைப்பது, என்ன சிகிச்சை தருவது என்பவை முடிவாகின்றன.

புல்டாக்ஸ் பேங்கில் அக்குழந்தைகளுக்கு நியாயம் கிடைத்ததற்குக் காரணம், அவர்கள் வைத ஜெர்மன் மொழியைப் புரிந்துகொள்ளும் இருவர் அவ்வீட்டில் இருந்தனர் என்பதும்தான். குழந்தை எந்த மொழியில் அழுகிறது, தன் உணவை யாருக்குக் கொடுக்கிறது என்ற இரண்டையும் இன்றைய கோப்புகளில் எழுதுவதற்கு ஓர் இடமும், எழுதத் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும்.