டபுள்ஸ்

கரீபியன் கடலின் தென்கோடித் தீவான டிரினிடாட்டின் தெருவோர உணவு. மஞ்சள் தூளும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பிசைந்த மைதா மாவை உள்ளங்கையளவு தட்டிப் பொரித்தெடுத்த ‘பரா’ இரண்டு, அவற்றின்மேல் குழைய வெந்த கொண்டைக்கடலைக் குழம்பு. அடிப்படை இவ்வளவுதான். பரா, பூரிபோல் மொறுமொறுப்பாக இராது. கையில் எடுத்தால் துவளும்.

இதன் வேர் கரும்புத் தோட்டத்தில் இருக்கிறது. அடிமை முறை ஒழிந்தபின் ஆள் கிடைக்காமல் தவித்த பிரிட்டிஷ் தோட்டங்களுக்கு முதல் இந்தியக் கூலிகளை ஏற்றிவந்த ‘ஃபத்தேல் ரசாக்’ கப்பல் 1845 மே 30 அன்று டிரினிடாட்டை அடைந்தது. 1917இல் ஆள் அனுப்புவது நிற்கும்வரை ஏறத்தாழ 1,44,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் அவர்களில் உண்டு. ஆனால் பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போன போஜ்புரி மக்கள். தீவின் இந்தியச் சமையலில் ரொட்டியும் சீரகமும் கடலையும் கோலோச்சுவது அதனால்தான்.

1936இல் பிரின்சஸ் டவுன் என்னும் ஊரில் எமமூல் தீனும் மனைவி ரசூலனும் இந்தப் பண்டத்தை விற்கத் தொடங்கியதாகக் கொள்ளப்படுகிறது. முதலில் ஒற்றைப் பராவில்தான் கடலை வைத்துக் கொடுத்தார்கள். வாங்குவோர் இரண்டாகக் கேட்கவே பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. மிதிவண்டியில் கட்டிய மரப்பெட்டியே நெடுங்காலம் இதன் கடை. அதற்குமேல் முதல் தேவைப்படாத தொழில் என்பதால் பல குடும்பங்கள் இதைப் பற்றிக்கொண்டன. விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர் முதல் இரவுக் கொண்டாட்டம் முடிந்து வீடு திரும்புகிறவர் வரை, இந்தியர் ஆப்பிரிக்கர் என்ற பேதமின்றி, இன்று எல்லோரும் வண்டியைச் சூழ்ந்து நின்றபடியே தின்கிறார்கள். ஸ்பூன் கிடையாது. புளிச் சட்னி, வெள்ளரித் துருவல், கொத்தமல்லி மணம் கொண்ட ‘ஷாடோ பெனி’ என்னும் கீரையின் சட்னி ஆகியவற்றை விற்பவர் மேலே தெளித்துத் தருவார். மிளகாய் மட்டும் கேட்டபின்பே. ‘ஸ்லைட்’ என்றால் கொஞ்சம். அங்கே அரைப்பது ஸ்காட்ச் பானட் போன்ற கடுங்கார மிளகாய். ஆந்திரக் காரத்துக்குப் பழகியவர்களும் ‘ஸ்லைட்’டில் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

அமெரிக்காவின் 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை நீக்கியதும் மேற்கிந்தியத் தீவினர் நியூயார்க்குக்குப் பெருமளவில் வந்தனர். புரூக்ளினின் ஃபிளாட்புஷ், கிரவுன் ஹைட்ஸ் பகுதிகளிலும், குவீன்ஸின் ரிச்மண்ட் ஹில்லிலும் டபுள்ஸ் விற்பனை வேர்விட்டது. செப்டம்பர் மாதத் தொழிலாளர் தினத்தன்று ஈஸ்டர்ன் பார்க்வேயில் நடக்கும் மேற்கிந்தியத் திருவிழாவில் மசாலா தடவிச் சுட்ட ‘ஜெர்க்’ கோழி, உள்ளே மசாலா பொதிந்த ‘பேட்டி’ ஆகிய ஜமைக்கா பண்டங்களுக்கு நடுவே இதுவும் விற்கும்.

ஊரில் மிதிவண்டியோடு முடிந்த முதலீடு நியூயார்க்கில் அப்படி முடியவில்லை. உணவு வண்டி உரிமங்களுக்கு மாநகராட்சி 1983இல் உச்சவரம்பு விதித்தது. பழைய உரிமங்கள் கள்ளச் சந்தையில் பல்லாயிரம் டாலருக்கு வாடகைக்கு விடப்பட்டன. சமையல் தெரிந்தவருக்கு உரிமமில்லை, உரிமம் வைத்திருப்பவர் சமைப்பதில்லை என்ற கேலிக்கூத்து இப்படி உருவானதுதான். ஆண்டுக்கு 445 புதிய உரிமங்கள் என்று 2021இல் சட்டம் வந்தும் காரியம் ஆமை வேகத்திலேயே நடந்தது. எனவே டபுள்ஸை முன்னுக்குக் கொண்டுவந்ததில் வண்டிகளுக்கு இணையாகச் சிறு கடைகளுக்கும் பங்குண்டு. புரூக்ளினின் ‘ஏ அண்ட் ஏ பேக் அண்ட் டபுள்ஸ்’ கடைக்கு 2019இல், உணவகங்களுக்கு விருது வழங்கும் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் ‘அமெரிக்காஸ் கிளாசிக்ஸ்’ விருது கிடைத்தது.