இரத்த அழுத்தமும் மனச்சோர்வும்: ஒரு வேரின் வரலாறு

இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதை நம் மக்கள் ‘இரத்தக் கொதிப்பு’ என்கின்றனர். சினம் கொண்டவரைப் பார்த்து, ‘அவருக்குப் பிரஷர் ஏறிவிட்டது’ என்று சொல்வதும் வழக்கம். ஆகவே இது கோபக்காரர்களுக்கும் கவலைப்படுவோருக்கும் மட்டுமே வரும் நோய் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. உண்மையில், அமைதியே உருவான ஒருவருக்கும் இந்நோய் இருக்கலாம். பெரும்பாலோருக்கு இது எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை. கருவி கொண்டு அளந்து பார்த்தால்தான் தெரியவரும்.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரக் கடற்கரை வரை உள்ள ஊர்களில், கடலுக்குச் செல்லும் மீனவர், உளி பிடிக்கும் சிற்பி, கழனியில் நாற்று நடும் பெண் எனப் பலதரப்பட்டவர்களுக்கும் இந்நோய் உண்டு. இவர்களைப் போன்றவர்கள் மருத்துவரிடம் சொல்லத் தயங்கி, வீட்டில் மட்டும் சொல்லும் குறை ஒன்று உண்டு. “மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து மனசே சரியில்லை, எதிலும் பிடிப்பு இல்லை” என்பதே அது. இத்துயருக்குக் காரணம் நோயா? மருந்தா? அல்லது ‘நோயாளி’ என்ற பெயரா? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறு நம் நாட்டு மூலிகை ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

பாம்பின் பெயர் கொண்ட வேர்

சர்ப்பகந்தி என்பது வெண்மையும் சிவப்பும் கலந்த பூக்கள் கொண்ட ஒரு சிறு செடி. இதன் வேரைப் பாம்புக்கடிக்கும், காய்ச்சலுக்கும், சித்தப் பிரமைக்கும் நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தனர். பாம்புக்கடியைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. நஞ்சு முறி மருந்தே அதற்கு உரிய சிகிச்சை. அம்மருந்தைச் செய்யத் தேவையான பாம்பு நஞ்சை எடுத்துத் தருவதற்கென்றே, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978ஆம் ஆண்டில் தோன்றியது. ஆனால் அந்த வேரின் மற்றொரு பயன் அறிவியல் ஆய்வில் வென்றது.

1931ஆம் ஆண்டில் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மனநோய், உயர் இரத்த அழுத்தம் ஆகிய இரண்டுக்குமே சர்ப்பகந்தி மருந்தாகும் என்பது அதன் சாரம். ஒரே வேர் உள்ளத்தையும் இரத்தக் குழாயையும் ஒருங்கே தொடுகிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. அதே ஆண்டில் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் அவருடன் பணிபுரிந்தவரும் இவ்வேரிலிருந்து பல காரப்பொருள்களைப் பிரித்தெடுத்தனர்.

பம்பாயைச் சேர்ந்த இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் இம்மருந்தை நோயாளிகளிடம் முறையாக ஆராய்ந்தார். அவருடைய முடிவுகள் 1949ஆம் ஆண்டில் பிரிட்டன் நாட்டு இதயநோய் இதழில் வெளிவந்தன. அதன் பின்னரே மேலை நாடுகள் இதனைத் திரும்பிப் பார்த்தன. 1952ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன அறிஞர்கள் வேரின் முக்கிய மருந்துப் பொருளைத் தனியே பிரித்து, அதற்கு ‘ரெசர்பின்’ என்று பெயரிட்டனர்.

அமைதி தந்ததும் சோர்வு தந்ததும்

ரெசர்பின் இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. அதை உண்டவர்கள் அமைதியாகவும் இருந்தனர். அமெரிக்க மனநல மருத்துவர் நேதன் கிளைன் இதைக் கடும் மனநோயாளிகளுக்கும் கொடுத்துப் பயன் கண்டார். ஆனால் 1954ஆம் ஆண்டிலேயே மறுபக்கமும் வெளிப்பட்டது. ரெசர்பினை அதிக அளவில் நீண்ட நாள் உண்ட இரத்த அழுத்த நோயாளிகள் சிலர் கடும் மனச்சோர்வுக்கு ஆளாவதை எட்வர்டு ஃபிரீஸ் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். வேறு பலரும் அதையே தெரிவித்தனர்.

இது எவ்வாறு நிகழ முடியும்? நரம்புகளின் முனைகளில் நுண்ணிய பைகள் உள்ளன. நார்அட்ரினலின், டோபமின், செரோட்டோனின் முதலிய பொருள்கள் அவற்றில் சேமிக்கப்பட்டிருக்கும். நரம்பு தூண்டப்படும்போது இப்பொருள்கள் வெளிப்பட்டுச் செய்தியைக் கடத்தும். இப்பைகள் மீண்டும் நிரம்பாதவாறு ரெசர்பின் தடுத்துவிடுகிறது. நிரப்ப வழியில்லாத நெற்குதிர் போல அவை மெல்ல மெல்ல வெறுமையாகின்றன. இரத்தக் குழாய்களை இறுக்கும் செய்தி குறைவதால் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது. மூளையிலும் இதே போன்ற பைகள் இருக்கின்றன அல்லவா? அங்கும் அதே வெறுமை உண்டாகிறது.

1955ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெர்னார்டு பிராடியின் குழுவினர், ரெசர்பின் செரோட்டோனினை வெளியேற்றுவதைக் காட்டினர். 1957ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன், ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோபமினின் மூலப்பொருளான எல்-டோபாவைச் செலுத்தினார். முயல்கள் எழுந்து நடமாடின! பார்க்கின்சன் நோய்க்கான மருத்துவத்துக்கு இது வழிகாட்டியது. இத்துறையில் அவர் செய்த பணிக்காக 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசும் கிடைத்தது. மனச்சோர்வு என்பது மூளையில் இத்தகைய பொருள்கள் குறைவதால் வருவது என்ற கொள்கை 1960களில் உருவாயிற்று. அதற்கு ரெசர்பின் ஒரு முக்கியச் சான்றாகக் காட்டப்பட்டது.

சான்று தளர்ந்தது

ஆனால் அறிவியல் அத்துடன் நிற்கவில்லை. 1955ஆம் ஆண்டிலேயே லண்டனில் டேவிஸ், ஷெப்பர்டு ஆகியோர் பதற்றமும் சோர்வும் கொண்ட நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ரெசர்பினும் மற்றப் பிரிவினருக்குப் போலி மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டிருந்தனர். ரெசர்பின் உண்டவர்களே அதிக நலம் பெற்றனர்! இந்த ஆய்வு நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பழைய நோயாளிக் குறிப்புகளைப் பிற்காலத்தார் மீண்டும் புரட்டியபோது, ‘மனச்சோர்வு’ என்று எழுதப்பட்டவற்றுள் பல, மருந்தினால் வந்த மந்தமும் தூக்கக் கலக்கமுமே என்று தோன்றியது. ரெசர்பின் மனச்சோர்வைப் பரவலாக உண்டாக்குகிறது என்ற முடிவை இன்றைய ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். ஆயினும் அதிக அளவில் உண்டவர்களுள் சிலர் அடைந்த துயரம் பொய்யன்று. ஆகவே முன்பே மனச்சோர்வு இருந்தவர்களுக்கு இம்மருந்தைத் தவிர்ப்பது மருத்துவ வழக்கமாயிற்று.

துயரைக் கண்டு எழுதிய அதே ஃபிரீஸ்தான் 1967ஆம் ஆண்டில் மற்றோர் உண்மையையும் நிலைநாட்டினார். அவர் முன்னின்று நடத்திய ஆய்வில், அழுத்தம் மிக உயர்ந்திருந்த 143 ஆண்களுள் ஒரு பிரிவினருக்கு ரெசர்பின், ஹைட்ரோகுளோரோதயசைடு, ஹைட்ராலசின் ஆகிய மூன்றும் தரப்பட்டன. மருந்து பெற்றவர்களைவிட, போலி மாத்திரை பெற்றவர்களையே பக்கவாதம் போன்ற கேடுகள் மிகுதியாகத் தாக்கின. மருந்தைக் கைவிடுவதும் பேராபத்து என்பது இதனால் விளங்கிற்று.

இதே மூன்று மருந்துகளும் பின்னர் நம் பகுதிக்கும் வந்தன. சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணியின் முயற்சியில், சென்னையை அடுத்த கிராமங்களில் இரத்த அழுத்தமும் நீரிழிவும் வீடு தேடிச் சென்று கண்டறியப்பட்டன. சிறுநீரகங்கள் பழுதாவதைத் தடுப்பதே நோக்கம். ஏழைகளால் தாங்கக்கூடிய விலை என்பதால், குறைந்த அளவு ரெசர்பின் அடங்கிய இம்முறை பயன்பட்டது.

பெயரும் ஒரு சுமை

கனடாவில் எஃகு ஆலைத் தொழிலாளர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 1978ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘உமக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது’ என்று சொல்லப்பட்டவர்கள், அதன்பின் நோயைக் காரணம் காட்டி வேலைக்கு வராத நாள்கள் வெகுவாகக் கூடிவிட்டன. மருந்து உண்டாலும் உண்ணாவிட்டாலும் இது நிகழ்ந்தது. அதாவது, நோயின் பெயரே அவர்களைத் தளரச் செய்தது. நேற்றுவரை வலை இழுத்தவர், ‘இனி நான் நோயாளி’ என்று எண்ணும்போது அவருக்கு வரும் அச்சம் எத்தகையது என்பதை நாம் ஊகிக்கலாம்.

ஆகவே நம் கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. சிலருக்கு மருந்து, சிலருக்குப் பெயர் தரும் அச்சம், சிலருக்குக் கடன், உறக்கமின்மை, துணையை இழந்த தனிமை. எதுவாயினும் விளைவு ஒன்றே. மனம் சோர்ந்தவர் மாத்திரையை மறக்கிறார், நடையைக் கைவிடுகிறார், மது, புகையிலையை நாடுகிறார். அழுத்தம் மேலும் ஏறுகிறது.

இன்று ரெசர்பின் அருகிவிட்டது. அம்லோடிபின் முதலிய மருந்துகளே பெரிதும் வழங்கப்படுகின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது. வாசலில் நின்று அழுத்தத்தை அளப்பவர், “கடந்த இரண்டு வாரங்களாக மனம் சோர்ந்திருக்கிறீர்களா? வழக்கமான வேலைகளில் நாட்டம் குறைந்திருக்கிறதா?” என்று இரண்டு கேள்விகளும் கேட்டால் ஒரு நிமிடம்கூட ஆகாது.

நோயாளிகள் செய்யவேண்டியதும் உண்டு. மனம் சரியில்லை என்றால் மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது. சில மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்னிலும் உயரும். சர்ப்பகந்தி வேரைத் தாமே அரைத்து உண்பதும் தவறு. அதில் மருந்துப் பொருள் எவ்வளவு என்பது வேருக்கு வேர் மாறும். மருத்துவரிடம் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். மருந்தை மாற்றவும் வழி உண்டு. மனச்சோர்வுக்கும் மருத்துவம் உண்டு. 1954ஆம் ஆண்டு நோயாளிகள் தம் துயரைச் சொன்னதும், அதைக் கேட்டு ஒரு மருத்துவர் எழுதி வைத்ததும் மூளையின் வேதியியலை அறிய உதவின. நம் வீட்டுப் பெரியவர் சொல்லும் அதே குறையும் கேட்கத் தக்கதே.