மூன்றாவதாக வந்தவருக்கு இடமில்லை, நான்காவதாக வந்தவருக்கு உண்டு: அமெரிக்க ஒலிம்பிக் ஸ்கேட்டிங் குழு தேர்வாகும் விதம்

பள்ளிப் போட்டியில் முந்துபவர் மாவட்டப் போட்டிக்குப் போவார். மாவட்டத்தில் முந்துபவர் மாநிலப் போட்டிக்குப் போவார். தமிழ்ப்பள்ளித் திடலில் ஓடிய எவருக்கும் தெரிந்த கணக்கு இது. ஆனால் உலகின் மிகப் பெரிய விளையாட்டு மேடையான ஒலிம்பிக்கிற்கு ஆள் அனுப்பும்போது எல்லா விளையாட்டுகளும் இந்தக் கணக்கைப் பின்பற்றுவதில்லை.

2014 ஜனவரியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தேசிய ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி நடந்தது. பனித்தளத்தில் இசைக்கு ஏற்பச் சறுக்கி, துள்ளிச் சுழன்று புள்ளி பெறும் விளையாட்டு இது. மகளிர் பிரிவில் கிரேசி கோல்ட் முதலிடம், பொலினா எட்மண்ட்ஸ் இரண்டாமிடம், மிராய் நகாசு மூன்றாமிடம், ஆஷ்லி வாக்னர் நான்காமிடம். சோச்சி ஒலிம்பிக்கிற்கு மூவர் போகலாம். மறுநாள் பெயர்ப் பட்டியல் வந்தபோது அதில் இருந்தவர்கள் கோல்ட், எட்மண்ட்ஸ், வாக்னர். மூன்றாவதாக வந்த நகாசுவின் பெயர் இல்லை.

இது நியாயமா என்ற கேள்வி அன்று கிளம்பியது. அதற்குப் பிறகு வந்த ஒலிம்பிக் தேர்வுகளிலும் அதே கேள்வி திரும்பத் திரும்ப எழுந்தது.

இடம் நாட்டுக்கு, ஆளுக்கு அல்ல

இந்தச் சர்ச்சையைப் புரிந்துகொள்ள முதலில் ஒன்றை அறிய வேண்டும். ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஒரு பிரிவில் ஒரு நாட்டிலிருந்து அதிகம் போனால் 3 பேர்தான் போகலாம். அந்த 3 இடமும் தானாகக் கிடைப்பதில்லை. ஒலிம்பிக்கிற்கு முந்தைய ஆண்டின் உலக வெற்றியாளர் போட்டியில் ஒரு நாட்டின் சிறந்த இருவர் பிடித்த இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 13 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் 3 இடம். 14 முதல் 28 வரை என்றால் 2 இடம். விதியில் பின்னர் சில திருத்தங்கள் வந்தாலும் அடிப்படைக் கணக்கு இதுதான்.

2013இல் கனடாவின் லண்டன் நகரில் நடந்த உலகப் போட்டியில் வாக்னர் 5ஆம் இடத்தையும் கோல்ட் 6ஆம் இடத்தையும் பிடித்தார்கள். கூட்டினால் 11. அமெரிக்க மகளிருக்கு 3 இடம் கிடைத்தது இவர்கள் இருவராலும்தான். ஆனால் அந்த இடம் அவர்களுடையது அல்ல, அமெரிக்காவுடையது. அதில் யாரை அனுப்புவது என்பதை அந்நாட்டு ஸ்கேட்டிங் சங்கம் முடிவு செய்யும்.

அமெரிக்கச் சங்கத்தின் விதிப்படி தேசியப் போட்டி தேர்வின் ஒரு பகுதி மட்டுமே. போட்டி முடிந்ததும் தேர்வுக் குழு கூடும். கடந்த ஓராண்டின் உலகப் போட்டி, கிராண்ட் பிரிக்ஸ் போட்டிகள் போன்றவற்றின் முடிவுகளையும் பார்த்துத்தான் பட்டியலை இறுதி செய்யும்.

வாக்னருக்கு ஆதரவாகப் பேசியவர்கள் இதையே சுட்டிக்காட்டினார்கள். 2012, 2013 ஆகிய இரு ஆண்டுகளிலும் அவர் தேசிய வெற்றியாளர். 2013 டிசம்பரில் ஜப்பானில் நடந்த கிராண்ட் பிரிக்ஸ் இறுதிப் போட்டியில் மூன்றாமிடம். பாஸ்டனில் இரண்டு முறை விழுந்தது ஒரே ஓர் இரவின் சறுக்கல் என்பது அவர்கள் வாதம்.

எதிர்த்தரப்பின் வாதமும் எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. எட்மண்ட்ஸுக்கு அப்போது வயது 15. மூத்தோர் பிரிவில் அவர் கலந்துகொண்ட முதல் போட்டியே அதுதான். நகாசுவோ 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் 16 வயதில் 4ஆம் இடம் பிடித்தவர். பழைய சாதனைதான் அளவுகோல் என்றால் எட்மண்ட்ஸ் எப்படி உள்ளே வந்தார்? பாஸ்டன் முடிவுதான் அளவுகோல் என்றால் நகாசு எப்படி வெளியே போனார்? ஒரே பட்டியலில் இரண்டு அளவுகோல் என்று பலர் குறை கூறினார்கள். விளம்பரங்களில் வாக்னரின் முகம் ஏற்கெனவே இடம்பெற்றிருந்ததையும், நகாசு ஜப்பானிய வம்சாவளியினர் என்பதையும் சேர்த்துச் சந்தேகம் எழுப்பியவர்களும் உண்டு. விதிப்படியே தேர்வு நடந்தது என்பது சங்கத்தின் பதில்.

சோச்சியில் கோல்ட் 4ஆம் இடம், வாக்னர் 7ஆம் இடம், எட்மண்ட்ஸ் 9ஆம் இடம். குழுப் போட்டியில் அமெரிக்கா வெண்கலம் வென்றது. அதில் வாக்னரும் பங்காற்றினார். தேர்வு சரிதான் என்று ஒரு தரப்பு சொல்ல இது போதும். நகாசு போயிருந்தால் என்ன செய்திருப்பார் என்பதை யாராலும் சொல்ல முடியாது என்று மறு தரப்பு சொல்லவும் அதுவே போதும்.

மூன்று ஒலிம்பிக், இரண்டு பெண்கள்

இந்த இருவரின் கதை 2014இல் தொடங்கவும் இல்லை, அங்கே முடியவும் இல்லை. 2010 தேசியப் போட்டியில் நகாசு இரண்டாமிடம், வாக்னர் மூன்றாமிடம். அந்த ஆண்டு அமெரிக்க மகளிருக்கு 2 இடம் மட்டுமே. நகாசு வான்கூவர் போனார். வாக்னர் வீட்டில் இருந்தார். 2014இல் நிலைமை தலைகீழானது.

2018இல் மீண்டும் மாறியது. சான் ஹோசே நகரில் நடந்த தேசியப் போட்டியில் நகாசு இரண்டாமிடம். வாக்னர் மறுபடியும் நான்காமிடம். இம்முறை தேர்வுக் குழு முதல் மூவரையே அனுப்பியது. தென்கொரியாவின் பியோங்சாங் நகரில் குழுப் போட்டியில் நகாசு டிரிப்பிள் ஆக்ஸல் என்ற மூன்றரைச் சுற்றுத் துள்ளலை வெற்றிகரமாக முடித்தார். ஒலிம்பிக்கில் அதைச் செய்த முதல் அமெரிக்கப் பெண் அவர்தான். அமெரிக்கக் குழுவுக்கு வெண்கலமும் கிடைத்தது.

20 வயதில் தவறவிட்ட வாய்ப்பு அவருக்கு 24 வயதில் கிடைத்தது. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. முழங்காலும் கணுக்காலும் தேயும் இந்த விளையாட்டில் நான்கு ஆண்டு என்பது பலருக்கு ஒரு வாழ்நாள். ஒலிம்பிக் தேர்வைப் பற்றி இத்தனை சூடாகப் பேசுவதற்குக் காரணமும் அதுதான்.

ஆடவர் பிரிவிலும் அதே கேள்வி

2018இல் ஆடவர் பிரிவில் ரோஸ் மைனர் இரண்டாமிடம் பிடித்தார். ஆனால் முதலிடம் பிடித்த நேதன் செனுடன் தேர்வானவர்கள் மூன்றாவதாக வந்த வின்சென்ட் ஜோவும் நான்காவதாக வந்த ஆடம் ரிப்பனும். எந்தப் போட்டிக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று அடுக்கடுக்காகப் பிரித்த விதிமுறையைச் சங்கம் முன்கூட்டியே வெளியிட்டிருந்தது. ஜோ 2017 உலக இளையோர் வெற்றியாளர். ரிப்பன் அந்தப் பருவத்தின் கிராண்ட் பிரிக்ஸ் இறுதிக்குத் தகுதி பெற்றவர். பியோங்சாங்கில் சென் 5ஆம் இடம், ஜோ 6ஆம் இடம், ரிப்பன் 10ஆம் இடம்.

2022இல் இன்னும் பெரிய விவாதம். நாஷ்வில் தேசியப் போட்டியில் 17 வயது இலியா மாலினின் இரண்டாமிடம் பிடித்து அரங்கை அதிரவைத்தார். ஆனாலும் பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்கு சென், ஜோ ஆகியோருடன் நான்காமிடம் பிடித்த ஜேசன் பிரவுன் அனுப்பப்பட்டார். மூத்தோருக்கான அனைத்துலகப் போட்டிகளில் மாலினினுக்கு அனுபவம் குறைவு. பிரவுன் ஏற்கெனவே ஒலிம்பிக் சென்றவர்.

பெய்ஜிங்கில் சென் தங்கம் வென்றார். பிரவுன் 6ஆம் இடம் பிடித்துத் தேர்வுக் குழுவின் நம்பிக்கையைக் காப்பாற்றினார். ஜோவுக்குக் கோவிட் தொற்று உறுதியானதால் தனிநபர் போட்டியில் இறங்க முடியவில்லை. மாலினின் அதே ஆண்டு செப்டம்பரில் நான்கரைச் சுற்று ஆக்ஸலைப் போட்டியில் செய்து காட்டிய உலகின் முதல் வீரர் ஆனார். 2024, 2025 ஆண்டுகளில் உலக வெற்றியாளரும் ஆனார். நேற்றைய சாதனையை எடைபோடும் முறை, நாளை சாதிக்கப்போகும் இளையவரைத் தவறவிடக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

காயம் பட்டவருக்கு என்ன வழி?

தேர்வுக் குழு எதற்கு, முதல் மூவரை அப்படியே அனுப்பினால் என்ன என்று கேட்பவர்களுக்கு 1994 ஒரு பதில் தருகிறது. அந்த ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் டெட்ராய்ட் நகரில் பயிற்சி முடித்துத் திரும்பிய நான்சி கெரிகனின் காலில் ஒருவன் தடியால் அடித்தான். போட்டியாளர் டான்யா ஹார்டிங்கின் முன்னாள் கணவருக்கு அந்தத் திட்டத்தில் பங்கு இருந்தது பின்னர் தெரியவந்தது. கெரிகனால் தேசியப் போட்டியில் இறங்க முடியவில்லை. இருந்த 2 இடத்தில் ஒன்றைச் சங்கம் அவருக்கே கொடுத்தது. அதனால் இரண்டாவதாக வந்த 13 வயதுச் சிறுமி மிஷல் குவான் மாற்று வீராங்கனையாகவே நிற்க வேண்டியதாயிற்று. கெரிகன் நார்வேயின் லில்லஹாமரில் வெள்ளி வென்றார்.

12 ஆண்டுகளில் அதே குவான் மறுபக்கத்தில் நின்றார். 2006இல் அவர் 5 முறை உலக வெற்றியாளர். காயத்தால் தேசியப் போட்டியில் இறங்கவில்லை. தனக்கு இடம் தருமாறு விண்ணப்பித்தார். ஐவர் கொண்ட குழு கலிஃபோர்னியாவில் அவர் சறுக்குவதை நேரில் பார்த்து ஒப்புதல் தந்தது. ஆனால் டுரினில் முதல் பயிற்சிக்குப் பிறகு வலி திரும்பியது, அவர் விலகினார். தேசியப் போட்டியில் மூன்றாவதாக வந்திருந்த எமிலி ஹியூஸ் அவசரமாக இத்தாலிக்குப் பறந்து 7ஆம் இடம் பிடித்தார்.

ரஷ்யாவுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 2014இல் அதன் ஆடவர் பிரிவுக்கு ஒரே ஓர் இடம். தேசியப் போட்டியில் வென்றவர் 18 வயது மக்சிம் கோவ்துன். அவர் ஐரோப்பியப் போட்டியில் 5ஆம் இடத்திற்கு இறங்கியதும், அதிகாரிகள் முன் தனியாகச் சறுக்கிக் காட்டிய 31 வயது யெவ்கெனி புளுஷென்கோவுக்கு இடம் போனது. குழுப் போட்டியில் தங்கம் வெல்ல அவர் உதவினார். ஆனால் தனிநபர் போட்டியில், தன் முறை வரும் நேரத்தில் முதுகுவலியால் விலகினார். மாற்று ஆள் இறக்க நேரமில்லை. சொந்த நாட்டு ஒலிம்பிக்கில் ரஷ்யாவுக்கு அந்தப் பிரிவில் யாருமே இல்லாமல் போயிற்று.

ஜப்பானில் தேசியப் போட்டியில் வெல்பவருக்கு இடம் உறுதி. மற்ற இடங்களுக்குப் பல அளவுகோல்கள் உண்டு. 2017இல் கணுக்கால் காயத்தால் தேசியப் போட்டியைத் தவறவிட்ட யுசுரு ஹன்யூ அந்த வழியில்தான் தேர்வானார். பியோங்சாங்கில் தங்கம் வென்றார்.

ஒரே நாள் தேர்வும் குறையற்றது அல்ல

அமெரிக்காவிலேயே திடல்தடப் போட்டியில் வேறு முறை. தகுதி அளவை எட்டியவர்களில், தேர்வுப் போட்டியில் முதல் மூன்று இடம் பிடிப்பவர் போவார், மற்றவர் போகமாட்டார். 1992இல் டெக்கத்லான் உலக வெற்றியாளர் டான் ஓ'பிரையன் அந்தத் தேர்வுப் போட்டியின் கோலூன்றித் தாண்டுதலில் மூன்று முயற்சியிலும் தோற்றார். பார்சிலோனா ஒலிம்பிக் கனவு அங்கேயே முடிந்தது. நான்கு ஆண்டு கழித்து அட்லாண்டாவில் தங்கம் வென்றார். அந்த முறை கொடுமையானது என்று பலருக்குத் தோன்றலாம். ஆனால் யாரும் யாரையும் சந்தேகிக்கவில்லை. குச்சி விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

ஸ்கேட்டிங்கில் அந்த வசதி இல்லை. துள்ளலின் தரத்துக்கும் நடன அழகுக்கும் நடுவர்கள் புள்ளி போடுகிறார்கள். ஆகவே தேசியப் போட்டியின் தரவரிசையே மனிதர் தீர்ப்புதான். அதன்மேல் தேர்வுக் குழுவின் தீர்ப்பும் சேர்கிறது.

மலேசியாவுக்கு அந்தக் கவலை எழவில்லை

மலேசியா முதன்முதலாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் கால் வைத்தது 2018இல். ஜெர்மனியின் ஓபர்ஸ்ட்டோர்ஃப் நகரில் நடந்த நெபல்ஹார்ன் தகுதிப் போட்டியில் ஜூலியன் யீ நாட்டுக்கு ஓர் இடம் பெற்றுத் தந்தார். அவரே பியோங்சாங் சென்றார். ஷார்ட் புரோகிராம் எனப்படும் முதல் சுற்றில் 25ஆம் இடம் பிடித்தார். அடுத்த சுற்றுக்கு 24 பேர் மட்டுமே. திறமையாளர் பலர் இருந்து இடம் குறைவாக இருக்கும் நாட்டில்தான் தேர்வு ஒரு சிக்கலாகிறது.

எந்த முறையைக் கையாண்டாலும் யாரோ ஒருவர் கண்ணீருடன் வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். ஒரே நாள் போட்டி காயம் பட்டவரைக் கைவிடும். தேர்வுக் குழு அன்று உழைத்து வென்றவரைக் கைவிடக்கூடும். எனவே கேட்க வேண்டிய கேள்வி எது சிறந்த முறை என்பது மட்டுமல்ல. பனித்தளத்தில் இறங்குமுன் விதி எல்லோருக்கும் தெரியுமா? பட்டியலில் உள்ள எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தானா? விடுபட்டவருக்குக் காரணம் சொல்லப்பட்டதா? பூப்பந்து, காற்பந்து, சிலம்பம் என எந்த விளையாட்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் சங்கமும் இந்த மூன்று கேள்விக்கும் பதில் வைத்திருந்தால், தோற்றவர் வருந்துவார், ஏமாற்றப்பட்டதாக நினைக்கமாட்டார்.