இலையில் ஏறிய உலோகம்

பதுளையை நெருங்கும் புகைவண்டி கடந்துசெல்லும் ஹாலிஎலையைச் சூழ்ந்த மலைச்சாரல்களில், கோப்பி அழிந்தபின் தேயிலை வேரூன்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகின்றது. கொழுந்தின் வரலாறும் அதனைக் கொய்தோரின் வரலாறும் பலராலும் எழுதப்பட்டுள்ளன. அச்செடி மண்ணிலுள்ள உலோகத்தைத் தன்னுள் திரட்டும் இயல்பினது என்பதோ அத்துணை பேசப்படவில்லை.

தேயிலை அமில மண்ணை விரும்புவது. மழைநீர் சுண்ணத்தையும் பிற உப்புக்களையும் அரித்துச் சென்ற மலைமண்ணில், களியோடு பிணைந்துள்ள அலுமினியம் கரையத் தொடங்குகின்றது. பெரும்பாலான பயிர்களின் வேர்களுக்கு அது நஞ்சு. தேயிலையோ அதனை உறிஞ்சி இலையின் மேற்றோல் கலங்களில் ஒதுக்கிவைக்கின்றது. கொழுந்தில் அதன் அளவு சொற்பமே. முற்றிய இலையில் உலர்நிறையின் நூற்றுக்கு 3 பங்கு வரை காணப்பட்டதுண்டு. கவ்வாத்தின்போது வெட்டுண்டு விழும் இலைகள் செடியடியிலேயே மக்க, உலோகம் மீண்டும் மண்ணைச் சேர்கின்றது. பொக்சைற்றுக் கனியம் மலிவாகக் கிடைக்கும்வரை இதனைப் பிரித்தெடுக்க எவரும் முனையார்.

எனினும், இலையிலுள்ள அலுமினியத்துக்கு மதிப்பிருந்த தொழில் ஒன்று உண்டு. அது சாயத்தொழில். துணியிற் சாயம் நிலைத்துப் பற்றப் படிகாரம் வேண்டும். படிகாரத்தின் வேலையைச் செய்வது அதிலுள்ள அலுமினியமே. கீழைத்தீவுகளில் சிம்ப்ளோக்கொஸ் சாதி மரங்களின் இலையையும் பட்டையையும் படிகாரத்துக்கு ஈடாக மக்கள் பயன்படுத்தியதை, அம்போய்னாவில் வாழ்ந்து 1702இல் மறைந்த ரும்பியஸ் எழுதிவைத்தார். அவரது நூல் 1741இல் வெளிவரத் தொடங்கியது. அலுமினியம் என்னும் உலோகத்தை ஏர்ஸ்டெட் பிரித்தெடுத்ததோ 1825இல். ஆக, பெயரறியாத உலோகத்தைச் செடியிலிருந்து பெற்ற முதல்வர் சாயக்காரரே எனலாம். இரசாயன நூல்கள் அவர்களை மறந்தது வியப்பன்று. அவர்கள் நூல் எழுதியவரல்லர். நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் வெள்ளிலோத்திரப் பட்டையும் அச்சாதி மரத்ததே.

விலையுயர்ந்த நிக்கலைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 1948இல் இத்தாலியச் செடியொன்றில் மிகுந்த நிக்கல் கண்டறியப்பட்டது. 1976இல் நியூ கலிடோனியாவின் மரமொன்றின் நீலநிறப் பாலில், உலர்நிறையில் நான்கிலொரு பங்களவு நிக்கல் இருப்பது வெளியாயிற்று. செடிகளை வளர்த்து, அறுத்து, எரித்து, சாம்பலிலிருந்து நிக்கல் பெறும் முறை கலிபோர்னியாவிற் பரிசோதிக்கப்பட்டு, ஹெக்டேயருக்கு 100 கிலோகிராம் வரை பெறலாம் என 1995இல் கூறப்பட்டது.

இலங்கையிலும் அத்தகைய மண் உண்டு. அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கடலோரமான உஸ்ஸங்கொடவின் செம்மண் வெளியில், முழந்தாளுக்கு மேல் வளராத ஓரிதழ்த்தாமரை நிக்கலை மிகையாகத் திரட்டுவதை ஆய்வாளர் கண்டனர். அவ்விடம் 2010இல் தேசிய பூங்காவாக்கப்பட்டமையால் அங்கு அறுவடைக்கு இடமில்லை. ஆனால் ஓரிதழ்த்தாமரை சித்த வைத்தியத்தில் உள்ளுக்குக் கொடுக்கும் மூலிகையுமாகும். உலர்ந்த செடியைக் கடையில் வாங்குபவர், அது எம்மண்ணிற் பறிக்கப்பட்டதென்று கேட்பதில்லை.