புரோகிரேசா: பணஉதவியும் ஏழை வீட்டுச் சாப்பாடும்

புரோகிரேசா, மெக்சிகோ அரசு 1997-இல் கிராமப்புற ஏழைக் குடும்பங்களுக்காகத் தொடங்கிய பணஉதவித் திட்டம். பொருளியலாளர் சாந்தியாகோ லெவி இதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர். பிள்ளைகள் பள்ளிக்கும், குடும்பத்தார் சுகாதார நிலையத்துக்கும் தவறாமல் போக வேண்டும் என்பது நிபந்தனை. பணம் தாயின் கையில் கொடுக்கப்பட்டது. ஆய்வுக்கென எடுத்த 506 ஊர்களில் 320-இல் முதலில் தொடங்கி, மற்ற ஊர்களோடு ஒப்பிட்டார்கள்.

மக்காச்சோள ரொட்டியும் பீன்ஸும்தான் அந்த வீடுகளின் அன்றாடச் சாப்பாடு. காசு வந்ததும் அதை மட்டும் கூட்டிக்கொள்ளவில்லை. காய்கறி, பழம், இறைச்சி எனத் தட்டே மாறியது. கலோரி கூடியதைவிட இந்த மாற்றமே பெரிது. வயிறு நிறைவது வேறு, உடம்பு தேறுவது வேறு அல்லவா?

சிறு குழந்தைகளுக்குச் சத்துமாவும் தரப்பட்டது. பல வீடுகளில் மூத்த பிள்ளைகளும் அதில் பங்கு கொண்டார்கள். பசியுள்ள வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் எந்தத் தாயால் ஊட்ட முடியும்?

2002-இல் ஒபோர்துனிதாதெஸ், 2014-இல் புரோஸ்பெரா எனப் பெயர் மாறிய இத்திட்டம் 2019-இல் நிறுத்தப்பட்டது. கூடுதல் பணம் பெற்ற வீடுகளில் பெரியவர்களின் உடல் எடை ஏறியதையும் பிந்தைய ஆய்வுகள் காட்டின.