காலிங் பெல் பக்கத்தில் ஒரு மெடல்

அமெரிக்காவில் சில பழைய வீடுகளின் வாசலில், காலிங் பெல்லை ஒட்டி ஒரு சின்ன உலோக மெடல் பதிச்சிருக்கும். இந்த வீட்டில் அடுப்பு, வெந்நீர், ஹீட்டர் எல்லாமே கரண்ட்லதான் ஓடுதுன்னு அர்த்தம். 1957-ல் தொடங்கிய ‘கோல்ட் மெடாலியன் ஹோம்’ திட்டம் அது.

பின்னாடி இருந்தது சூழலியல் அக்கறை இல்லைங்க, சுத்தமான வியாபாரம். ஜெனரல் எலக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் மாதிரி கம்பெனிகளுக்குச் சாதனம் விக்கணும். மின் நிறுவனங்களுக்கு கரண்ட் விக்கணும். ஜெனரல் எலக்ட்ரிக்கின் டிவி நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் ரொனால்ட் ரீகன். ஆமா, பின்னாடி அதிபரான அதே ரீகன்தான். அவர் வீட்டையே எலக்ட்ரிக் சாதனங்களால் நிரப்பி விளம்பரமாக்கினாங்க. கேஸ் கம்பெனிகளும் சும்மா இல்லை. கேஸ் அடுப்புதான் சமையலுக்கு உசத்தின்னு அதுக்கு முன்னாடியே ரேடியோ காமெடி வரைக்கும் பரப்பிட்டிருந்தாங்க.

நேர்மையா பார்த்தா, அன்னைக்கு கேஸ் பக்கம்தான் நியாயம் அதிகம். அனல்மின் நிலையத்தில் எரிக்கிற நிலக்கரியோட வெப்பத்தில் பெரும்பகுதி அங்கேயே வீணாப் போயிடும். மிச்சம் கரண்டா வந்து, வீட்டுல கம்பியைச் சூடாக்கி மறுபடி வெப்பமாகணும். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து கரண்ட் பில் எகிறினதும் அந்த மெடலோட மவுசு போச்சு. ஆற்றலைச் சேமிக்க 1975-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டுச்சு. இதை ஞாபகத்தில் வெச்சுக்கங்க.

இப்ப 2019 ஜூலை, கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம். புதுசா கட்டுற கட்டடங்களுக்கு கேஸ் பைப் கிடையாதுன்னு விதி கொண்டு வந்தாங்க. நாட்டிலேயே முதல் முறை. (நம்ம ஊர் சிலிண்டர் மாதிரி இல்லை, அங்க வீட்டுக்குள்ளேயே பைப்பில் வரும்.) கணக்கு மாறியிருந்தது. ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குறதில்லை, வெளிக்காற்றில் இருக்கிறதை உள்ளே இழுத்துத் தருது. அதனால ஒரு யூனிட் கரண்டுக்கு ரெண்டு, மூணு யூனிட் வெப்பம் கிடைக்கும். கரண்டும் சூரியன், காத்துன்னு மாறிட்டு வருது. கேஸ் பைப்போ, ஒரு தடவை புதைச்சா பல பத்து வருஷம் எரிச்சுத்தான் ஆகணும்.

கலிபோர்னியா உணவக சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு. பெரிய தீ இல்லாம சீனச் சட்டியில் எப்படி வதக்குறதுங்கிறது அவங்க கவலை. அது பொய்க் கவலையும் இல்லை. ஆனா கேஸ் ஜெயிச்சது சமையலால இல்லை, அந்த 1975 சட்டத்தால. வீட்டுச் சாதனங்கள் எவ்வளவு ஆற்றல் பயன்படுத்தலாம்னு முடிவு பண்ற அதிகாரம் மத்திய அரசுக்குத்தான்னு அதில் இருக்கு. ‘நாங்க அடுப்பைத் தடுக்கலையே, பைப்பைத்தானே தடுத்தோம்’னு நகரம் சொல்லிப் பார்த்தது. ரெண்டும் ஒண்ணுதான்னு 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிருச்சு. 2024-ல் பெர்க்லி விதியைக் கைவிட ஒத்துக்கிட்டது.

நியூயார்க் மாநிலமும் 2023-ல் இதே மாதிரி சட்டம் போட்டது. அதே 1975 சட்டத்தைக் காட்டி வழக்கு. 2025-ல் அங்கிருந்த நீதிபதி நேர்மாறா, மாநிலச் சட்டம் செல்லும்னு தீர்ப்பு சொன்னார். கேஸ் (ரெண்டு அர்த்தத்திலும்தான்) இப்ப மேல்முறையீட்டுக்குப் போயிருக்கு.