ஹிர்ஷ்ஸ்பிரங் நோய்

பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் குழந்தை பிறக்கும் குறை. ஏறத்தாழ 5,000 பிறப்புகளில் ஒன்று. டென்மார்க் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்பிரங் 1886இல் இதை விவரித்தார். கருவில் நரம்பணுக்கள் உணவுக்குழாயிலிருந்து ஆசனவாய் நோக்கி நகர்ந்து வருகின்றன. வழியில் நின்றுவிட்டால், அந்த இடத்துக்குக் கீழுள்ள குடல் தளராமல் இறுகியே கிடக்கும். மேலே மலம் தேங்கி வயிறு உப்பும். பிறந்த 48 மணி நேரத்துக்குள் கருமலம் (குழந்தையின் முதல் மலம்) போகாதது முக்கிய அறிகுறி. விளக்கெண்ணெய் இங்கே உதவாது, நாளைத்தான் கடத்தும். மலக்குடல் திசுச் சோதனையே நோயை உறுதிசெய்யும். நரம்பற்ற பகுதியை நீக்கி நல்ல குடலைக் கீழிறக்கி இணைப்பது சிகிச்சை. இதற்கு மும்பையில் பரேல் வாடியா குழந்தைகள் மருத்துவமனையிலும், தாராவியை ஒட்டிய சயான் மாநகராட்சி மருத்துவமனையிலும் குழந்தை அறுவைப் பிரிவுகள் உள்ளன. ‘ரெட்’ மரபணுவுக்கு நோயோடு உள்ள தொடர்பு 1994இல் அறியப்பட்டது. கொல்கத்தாவில் பிறந்த மரபியலாளர் அரவிந்தா சக்கரவர்த்தி இதில் விரிவாக ஆராய்ந்தவர். குடலில் நரம்பு முன்னோடி அணுக்களைப் பதியம் வைக்கும் முயற்சி எலிகளில் நடந்துவருகிறது.